எஃப்355, 360 மொடெனா: வாசகர் கேள்வி – பதில்

நடுவில் எஞ்சின் வைத்த இத்தாலியக் கார்களைப் பற்றி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஃபெராரியின் இரண்டே கார்களைச் சுற்றி அமைந்திருந்தன. ஒன்று 1994-இல் வந்த எஃப்355. மற்றொன்று 1999-இல் அதன் இடத்தைப் பிடித்த 360 மொடெனா. ஆகவே இந்த முறை பிற கேள்விகளை ஒதுக்கிவிட்டு, இவ்விரண்டுக்கு மட்டும் இடம் தருகிறேன்.

கேள்வி: இரண்டு காரிலும் எட்டு சிலிண்டர் எஞ்சின், இரண்டிலும் அது ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. எஃப்355-இன் திறன் 380 குதிரைத்திறன், 360 மொடெனாவின் திறன் 400. வெறும் 20 குதிரைத்திறன் வேறுபாட்டுக்காக இவற்றை இரண்டு தலைமுறைகள் என்று பிரிப்பது பொருந்துமா?

பதில்: திறனை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் பொருந்தாது. நிறுவனம் வெளியிட்ட எண்களின்படி, நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட எஃப்355 4.7 விநாடியும் 360 மொடெனா 4.5 விநாடியும் எடுத்துக்கொள்கின்றன. உச்ச வேகம் இரண்டுக்கும் ஏறக்குறைய 295 கிலோமீட்டர்தான். இந்த எண்களை வைத்துக்கொண்டு பார்ப்பவருக்கு, ஐந்து ஆண்டுகளாக ஃபெராரி ஆலை இருக்கும் மாரனெல்லோவில் யாரும் வேலையே செய்யவில்லையோ என்று தோன்றினால் அது அவர் குற்றமன்று.

எஃப்355 எங்கிருந்து வந்தது என்பதைப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும். அதற்கு முன்னால் இருந்த 348, நிறுவனர் என்ஸோ ஃபெராரி மறைந்ததற்கு அடுத்த ஆண்டான 1989-இல் வெளிவந்தது. வளைவுகளின் எல்லையில் அதன் நடத்தையை நம்ப முடியவில்லை என்ற குறை பரவலாக எழுந்தது. அந்த நேரம் பார்த்து 1990-இல் ஹோண்டாவின் என்எஸ்எக்ஸ் வந்து சேர்ந்தது. முழுக்க அலுமினிய உடலும், அன்றாடம் ஓட்டத்தக்க பழக்கமும், சிறிய வி6 எஞ்சினும் (V எழுத்து வடிவில் இரு வரிசைகளாக ஆறு சிலிண்டர்) கொண்டிருந்த அந்த ஜப்பானியக் கார், இத்தாலியர்கள் தங்கள் தனிச்சொத்து என்று எண்ணியிருந்த துறையில் அவர்களுக்கே பாடம் எடுத்தது. 1991-இல் ஃபெராரியின் தலைமைப் பொறுப்பேற்ற லூக்கா டி மொண்டெஸெமோலோவுக்கு 348 மீது மதிப்பு இல்லை என்பது ஊரறிந்த செய்தி. எஃப்355 அந்தச் சங்கடத்துக்குக் கிடைத்த விடை. ஆனால் அது 348-இன் எலும்புக்கூட்டின் மேல் எழுதப்பட்ட விடை. இரும்புத் தகட்டால் ஆன நடுக்கூடு, அதன் பின்னால் எஞ்சினைத் தாங்கும் குழாய்ச் சட்டகம், நீளவாக்கில் எஞ்சின், அதற்குக் குறுக்காக கியர்பாக்ஸ், முன்பின் சக்கரங்களுக்கிடையே 2,450 மில்லிமீட்டர் தூரம் என்று அடிப்படைகள் யாவும் அப்படியே தொடர்ந்தன. எஞ்சினையும் சஸ்பென்ஷனையும் உடலின் வெளிவடிவத்தையும் மட்டும் பொறியாளர்கள் ஊன்றித் திருத்தினார்கள். திருத்தியவற்றை ஏறக்குறைய முழுமைக்குக் கொண்டுவந்தார்கள்.

360 மொடெனாவில் நடந்தது இதற்கு நேர்மாறு. அங்கே எலும்புக்கூடே மாறியது. அமெரிக்க அலுமினிய நிறுவனமான ஆல்கோவாவுடன் சேர்ந்து, வார்ப்புத் துண்டுகளையும் அச்சில் பிதுக்கி எடுத்த சட்டங்களையும் பற்றவைத்து, முழு அலுமினியச் சட்டகம் ஒன்றை உருவாக்கினார்கள். அது மொடெனாவில் உள்ள ஸ்காலியெட்டி ஆலையில் தயாரானது. கார் அளவில் பெரிதானபோதும் சட்டகம் எஃப்355-உடையதைவிட 28 சதவீதம் இலேசாகவும், சுமார் 40 சதவீதம் விறைப்பாகவும் இருப்பதாக ஃபெராரி அறிவித்தது. காரின் நீளம் 4,250 மில்லிமீட்டரிலிருந்து 4,477-ஆகவும், சக்கர இடைத்தூரம் 2,600-ஆகவும் வளர்ந்தன. எண்ணெய், பெட்ரோல், குளிர்நீர் எதுவும் ஊற்றாத நிலையில் நிறுவனம் சொல்லும் எடையோ 1,350 கிலோவிலிருந்து 1,290 கிலோவாகக் குறைந்தது. ஏறத்தாழ ஒரு சாண் நீளம் கூடியபின் 60 கிலோ இளைப்பது எளிய காரியமன்று.

இதில் ஒரு முரண் உண்டு. அதை எழுதாமல் விட்டால் பதில் முழுமையாகாது. சட்டகத்தில் புதியதான 360, எஞ்சினில் பழையது. 1973-இல் டினோ 308 ஜிடி4 காரோடு தொடங்கிய வி8 எஞ்சின் குடும்பத்தின் கடைசி வாரிசு அதன் உள்ளேதான் இருக்கிறது. முற்றிலும் புதிய எஞ்சின் 2004-இல் வந்த எஃப்430-இல்தான் கிடைத்தது. எஃப்430-உம் 2009-இன் 458 இத்தாலியாவும் அலுமினியச் சட்டகம் என்னும் வழியைத் தொடர்ந்தன. எனவே தலைமுறைக் கோட்டை எங்கே கிழிப்பது என்று கேட்டால், சட்டகத்தின் அடிப்படையில் எஃப்355-க்கும் 360-க்கும் இடையே என்பேன். எஞ்சினின் அடிப்படையில் 360-க்கும் எஃப்430-க்கும் இடையே என்பேன். கார் என்பது முதலில் அதன் சட்டகம் என்று நினைப்பவன் ஆகையால், என் ஓட்டு முதலாவதற்கே.

கேள்வி: முறுக்குவிசை எஃப்355-இல் 363 நியூட்டன் மீட்டர், 360-இல் 373. பத்தே பத்து நியூட்டன் மீட்டர். இரண்டையும் ஓட்டியவர்கள் மட்டும் 360 எந்த கியரிலும் தாராளமாக இழுக்கிறது என்கிறார்கள். இது மனப்பிரமையா?

பதில்: மனப்பிரமை அன்று. உச்ச அளவை மட்டும் குறித்துக்கொண்டு, அது எந்தச் சுழற்சியில் கிடைக்கிறது என்பதை விட்டுவிட்டீர்கள். எஃப்355-இல் அந்த 363, நிமிடத்துக்கு 6,000 சுழற்சியில் கிடைக்கிறது. 360-இல் அந்த 373, 4,750 சுழற்சியிலேயே கைக்கு வந்துவிடுகிறது. கொள்ளளவும் 3,496 கன சென்டிமீட்டரிலிருந்து 3,586-ஆகச் சற்றே கூடியது. அத்துடன், வெளியேற்று வால்வுகள் திறந்து மூடும் நேரத்தைச் சுழற்சிக்கேற்ப மாற்றும் ஏற்பாடும், உள்ளே வரும் காற்றின் பாதையை மாற்றியமைக்கும் உறிஞ்சு குழாயும் 360-க்குக் கிடைத்தன. எஃப்355-இல் ஒரு கியர் இறக்கி, சுழற்சிமானியின் ஊசி எழும்பும்வரை காத்திருந்து முந்த வேண்டிய இடத்தில், 360-இல் இருக்கும் கியரிலேயே முந்திவிடலாம். இந்தக் காத்திருப்பைக் குறை என்பவரும் உண்டு. அதற்காகவே எஃப்355-ஐ விரும்புபவரும் உண்டு.

கேள்வி: எட்டு சிலிண்டர் எஞ்சின் என்றால் அமெரிக்கக் கார்களைப் போல அடித்தொண்டையில் உறுமும் என்று நினைத்திருந்தேன். எஃப்355 ஏன் அலறுகிறது? 360-இன் ஓசை அதைவிட மட்டமாமே?

பதில்: வேறுபாடு, பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் ஷாஃப்டில் இருக்கிறது. அமெரிக்க வி8 எஞ்சின்களில் பிஸ்டன்களின் தண்டுகள் பற்றியிருக்கும் கிராங்க் ஊசிகள், முனையிலிருந்து பார்த்தால் சிலுவை வடிவில், 90 பாகைக்கு ஒன்றாக அமைந்திருக்கும். அதிர்வு குறைவு, ஆனால் சமன்படுத்தும் எடைகள் கனமாக வேண்டும். அதோடு, ஒரு பக்கத்து நான்கு சிலிண்டர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் வெடிப்புகள் ஒழுங்கான இடைவெளியில் நடப்பதில்லை. நாம் கேட்கும் ‘கட கட’ என்ற உறுமல் அந்த ஒழுங்கின்மையின் ஓசைதான். ஃபெராரியின் வி8-இல் ஊசிகள் எல்லாம் ஒரே தளத்தில், 180 பாகை எதிரெதிராக அமைந்தவை. வெடிப்பு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாறி மாறி நிகழும். ஒவ்வொரு பக்கத்தையும் தனியாகக் கேட்டால் அது ஒழுங்காக ஓடும் ஒரு நான்கு சிலிண்டர் எஞ்சின். இரண்டும் வெளியேற்று குழாயில் சேரும்போது சுருதி ஏறிய ஓசை பிறக்கிறது. கனமான சமன் எடைகள் தேவைப்படாததால் எஞ்சின் சட்டென்று சுழற்சி ஏறும். சட்டென்று இறங்கவும் செய்யும். அதற்கு விலை, உயர் சுழற்சியில் உடலில் உணரப்படும் ஒரு நுண்ணதிர்வு.

எஃப்355-இல் இதன்மேல் இன்னொரு புதுமையும் சேர்ந்தது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்து வால்வுகள் வைத்தார்கள்: காற்று உள்ளே வர மூன்று, புகை வெளியேற இரண்டு, ஆக மொத்தம் நாற்பது. பெரிய வால்வுகள் இரண்டுக்குப் பதில் சிறிய வால்வுகள் மூன்று இருந்தால் ஒவ்வொன்றும் இலேசாகும்; இலேசான வால்வு உயர் சுழற்சியிலும் ஸ்பிரிங்கின் பிடியிலிருந்து நழுவாமல், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டைப் பின்தொடரும். பிஸ்டனைக் கிராங்க்குடன் இணைக்கும் கனெக்டிங் ராடுகளையும் டைட்டானியத்தில் செய்தார்கள். இவையெல்லாம் சேர்ந்தே 380 குதிரைத்திறனை 8,250 சுழற்சியில் எட்ட உதவின. மோட்டார் சைக்கிளில் இதே யோசனையை யமஹா 1985-இலேயே எஃப்இசட்750-இல் செய்து காட்டியிருந்தது என்பதையும் குறிப்பிட வேண்டும். 360 இந்த ஐந்து வால்வு அமைப்பைத் தொடர்ந்தது; எஃப்430 அதைக் கைவிட்டு நான்குக்கே திரும்பியது. வால்வுகளின் எண்ணிக்கையால் கிடைக்கும் லாபத்தைவிட எரிஅறையின் வடிவம் கெடுவதால் வரும் நட்டம் பெரிது என்பதே அந்தத் துறையில் பொதுவாக எட்டப்பட்ட முடிவு.

360-இன் ஓசை மட்டம் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது எஃப்355-ஐவிடச் சற்றுக் கட்டையான, அடர்ந்த ஓசை. ஆனால் காதுக்கு எது இனிது என்று என்னைக் கேட்டால், 7,000 சுழற்சிக்கு மேல் எஃப்355 எழுப்பும் குரலுக்கு இணையானதை ஃபெராரி தன் பிந்தைய வி8 எஞ்சின்களில் கொடுக்கவில்லை என்றே சொல்வேன்.

கேள்வி: எஃப்355-க்குப் பராமரிப்பு வேலை என்றால் எஞ்சினையே வெளியே இறக்க வேண்டும் என்பது உண்மையா? ஒரு பெல்ட் மாற்றுவதற்கா இத்தனை பாடு?

பதில்: உண்மை. கேம் ஷாஃப்ட்டுகளைச் சுழற்றும் டைமிங் பெல்ட்டுகள் எஞ்சினின் முன்முனையில் இருக்கின்றன. நடு எஞ்சின் காரில் எஞ்சினின் முன்முனை என்பது இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள தடுப்புச் சுவரைப் பார்த்தபடி இருக்கும் பக்கம். இடையே கை நுழைய இடமில்லை. ஆகவே காரைத் தூக்கி நிறுத்தி, எஞ்சின், கியர்பாக்ஸ், பின் சஸ்பென்ஷன் ஆகியவற்றை அவை பொருந்தியிருக்கும் குழாய்ச் சட்டகத்தோடு சேர்த்துக் கீழே இறக்குகிறார்கள். 348-க்கும் இதே கதிதான். பெல்ட் ரப்பர் ஆகையால், கார் ஓடாமல் கொட்டகையிலேயே நின்றாலும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். மாற்றாமல் விட்டு அது அறுந்தால், மேலேறும் பிஸ்டன்கள் திறந்து நிற்கும் வால்வுகளை முட்டி வளைத்துவிடும். அத்தோடு எஞ்சினின் கதை முடிந்தது.

360-ஐ வடிவமைத்தவர்கள் இதை மறக்கவில்லை. இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள சுவரில் கழற்றக்கூடிய ஒரு மூடியை வைத்தார்கள். அதைக் கழற்றினால் பெல்ட்டுகள் எதிரே தெரியும். எஞ்சின் தன் இடத்திலேயே இருக்க, வேலை முடிந்துவிடும். என்னைப் பொறுத்தவரை எஃப்355-க்கும் 360-க்கும் இடையிலான வேறுபாட்டை வேறெதையும்விடத் தெளிவாகக் காட்டுவது இந்த மூடிதான். முந்தைய காரில் பட்டறை ஆளின் கை எங்கே போகும் என்று வரைபலகையில் யாரும் யோசிக்கவில்லை. பிந்தைய காரில் யோசித்திருக்கிறார்கள். எஃப்430-இல் பெல்ட்டுக்குப் பதில் சங்கிலி வந்து, கேள்வியே இல்லாமல் போயிற்று.

நியாயமாகப் பேசினால், கிளட்ச் விஷயத்தில் எஃப்355-க்கே மதிப்பெண். அதன் கிளட்ச் காரின் பின்முனையில், எளிதில் அணுகக்கூடிய இடத்தில் உள்ளது. 360-இல் அது எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே இருக்கிறது. எஞ்சினுக்கு நேர்பின்னால் நீளவாக்கில் வைத்த கியர்பாக்ஸுக்காகச் செய்துகொண்ட சமரசம் அது.

கேள்வி: எஃப்355-ஐ வரைந்த அதே பினின்ஃபரினா வடிவமைப்பு நிறுவனம்தான் 360-ஐயும் வரைந்தது. பின் ஏன் ஒன்று மெலிந்தும் மற்றொன்று ஊதியும் தெரிகின்றன?

பதில்: இரண்டாவதை வரைந்த பென்சிலில் பாதியைக் காற்று பிடித்திருந்தது. எஃப்355-இலும் காற்றுச் சுரங்கச் சோதனை நடந்தது. காரின் அடிப்பகுதியைத் தட்டையாக மூடி, காற்று சீராகப் போக வழி செய்தார்கள். ஆனால் மேலே தெரியும் வடிவம் 308 ஜிடிபி காரிலிருந்து வரும் பழைய இலக்கணப்படியே இருந்தது: தாழ்ந்த மூக்கு, மடங்கி எழும் முகப்பு விளக்குகள், செங்குத்தான பின்கண்ணாடியின் இருபுறமும் சரிந்திறங்கும் தூண்கள், பின்னால் இரண்டிரண்டு வட்ட விளக்குகள். நடு எஞ்சின் வி8 ஃபெராரிகளில் மடக்கு விளக்கு கொண்ட கடைசிக் கார் அதுவே. 348-இல் விலாவில் இருந்த கம்பி வரிகளையும், பின்விளக்குகளை மூடிய கிராதியையும் நீக்கியதே அதன் அழகில் பாதி என்று சொன்னால் மிகையாகாது.

360-இல் மூக்கின் நடுவே வழக்கமான காற்றுவாய் இல்லை. ரேடியேட்டர்கள் இரண்டாகப் பிரிந்து மூக்கின் இரு மூலைகளுக்கும் போய்விட்டன. அவற்றுக்கு நடுவே மூக்கைச் சற்று உயர்த்தி, காற்று நேரே காரின் அடிவயிற்றுக்குப் போகும்படி வழிவிட்டார்கள். அந்தக் காற்று அடியில் விரைந்து, பின்னால் மேல்நோக்கி விரியும் இரண்டு வாய்க்கால்கள் வழியே வெளியேறும்போது அடியில் அழுத்தம் குறைகிறது. கார் சாலையோடு அழுத்தப்படுகிறது. மணிக்கு 290 கிலோமீட்டரில் 180 கிலோ அளவுக்கு இந்த அழுத்தம் கிடைப்பதாக நிறுவனம் கூறியது. பின்னால் இறக்கை எதுவும் ஒட்டாமல் இதைச் சாதித்தது பெருமைக்குரியது. ஆனால் அடியில் காற்றுக்கு இடம் வேண்டுமானால் உடல் உயர வேண்டும். உள்ளேயும் வசதி கேட்டார்கள். இருக்கைகளுக்குப் பின்னால் கோல்ஃப் பையை வைக்கலாம் என்பதைக்கூட அன்று ஃபெராரி சொல்லிக்கொண்டது. உயரம் 1,170 மில்லிமீட்டரிலிருந்து 1,214-க்கு ஏறியதில் இவை எல்லாவற்றுக்கும் பங்குண்டு.

எஃப்355 எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அழகான கார். 360 பின்னாலிருந்தும், கண்ணாடி மூடியின் கீழே சிவப்பு எஞ்சின் தெரியும் அந்த மேற்கோணத்திலிருந்தும் பார்க்க அழகு. முகத்தைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

கேள்வி: ஸ்டீயரிங்குக்குப் பின்னால் கியர் மாற்றும் துடுப்புகள் கொண்ட கியர்பாக்ஸ் இரண்டு காரிலும் உண்டு. கைகியர் நல்லதா, துடுப்பு நல்லதா?

பதில்: முதலில் அந்தத் துடுப்பின் பிறப்பைச் சொல்லிவிடுகிறேன். ஜான் பர்னார்டு வடிவமைத்த ஃபெராரி 640 என்ற ஃபார்முலா ஒன் (எஃப்1) பந்தயக் காரில் இந்த ஏற்பாடு 1989-இல் அறிமுகமாயிற்று. முதல் பந்தயமான பிரேசிலிலேயே நைஜல் மேன்செல் அதில் வென்றார். எட்டு ஆண்டுகள் கழித்து, 1997-இல், எஃப்355 எஃப்1 என்ற பெயரில் அது சாலைக்கு வந்தது. பலர் நினைப்பதுபோல் இது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் அன்று. உள்ளே இருப்பது அதே ஆறு கியர் பெட்டி, அதே ஒற்றைக் கிளட்ச். இடக்காலும் வலக்கையும் செய்த வேலையை எண்ணெய் அழுத்தமும் மின்வால்வுகளும் செய்கின்றன, அவ்வளவே.

எஃப்355-இல் அது முதல் முயற்சி. மாற்றத்தின்போது ஓட்டுநரின் தலை முன்னும் பின்னும் ஆடும். 360-இல், ஆக்ஸிலரேட்டரும் கம்பிக்குப் பதில் மின்கட்டளையால் இயங்குவதால், கணினி எஞ்சினின் சுழற்சியைத் தானே கூட்டிக் குறைத்துக் கியரோடு பொருத்துகிறது. மாற்றம் பதவிசாக நடக்கிறது. இரண்டிலும் ஒரே பலவீனம்: நெரிசலில் ஊர்ந்தாலும், மேட்டில் பின்னோக்கி ஏறினாலும் கிளட்ச் தேயும். கைகியரில், உலோகத் தகட்டில் வெட்டிய பள்ளங்களுக்குள் தண்டு ‘க்ளிக்’ என்று விழும் சுகம் இருக்கிறது. எண்ணெய் சூடேறும் வரை இரண்டாவது கியர் முரண்டு பிடிக்கும்; அதுவரை முதலிலிருந்து மூன்றாவதுக்குத் தாவிவிடுவது வழக்கம். நடு எஞ்சின் வி8 ஃபெராரிகளில் கைகியரோடு வந்த கடைசிக் கார் எஃப்430. 458-இல் இரட்டைக் கிளட்ச் மட்டுமே. ஆகவே கைகியர் வைத்த எஃப்355-உம் 360-உம் இன்று அதிகம் தேடப்படுவதில் வியப்பில்லை. துடுப்பை விரும்புபவர் இவ்விரண்டில் 360-ஐயே எடுக்க வேண்டும்.

கேள்வி: நடு எஞ்சின் கார் எளிதில் சுழன்றுவிடும் என்கிறார்கள். இரண்டில் எது பாதுகாப்பானது?

பதில்: ஒரு கழியின் இரு முனைகளிலும் குடங்களைக் கட்டித் தோளில் வைத்துத் திரும்பிப் பாருங்கள், பிறகு அதே குடங்களை மார்போடு அணைத்துத் திரும்பிப் பாருங்கள். பாரம் நடுவில் இருக்கும்போது சட்டென்று திரும்பலாம். நடு எஞ்சின் காரின் குணம் அதுதான். ஆனால் சட்டென்று திரும்பத் தொடங்கும் பொருள், திரும்பக் கூடாத நேரத்திலும் சட்டென்றே திரும்பும். எடையில் பாதிக்கு மேல் பின்சக்கரங்களின் மீது இருப்பதால், வளைவின் நடுவில் அஞ்சி ஆக்ஸிலரேட்டரைத் திடீரென்று விட்டால் எடை முன்னுக்கு வழுக்கும். பின்சக்கரங்கள் பிடியை இழக்கும். சுழன்ற கார்களில் பல இப்படிச் சுழன்றவைதான்.

எஃப்355-இல் இதைத் தடுக்க ஓட்டுநரின் வலக்கால் தவிர வேறெதுவும் இல்லை. சக்கரத்தைப் பூட்டிவிடாத பிரேக் (ஏபிஎஸ்) உண்டு. சக்கரச் சுழற்சியைக் கட்டுப்படுத்தும் மின்னணு ஏற்பாடு கிடையாது. 360-இல் அந்த ஏற்பாடு உண்டு. விரும்பினால் அணைத்தும் வைக்கலாம். நீண்ட சக்கர இடைத்தூரமும் விறைப்பான சட்டகமும் சேர்ந்து அதை நிதானமான காராக்குகின்றன. எஃப்355-இன் ஸ்டீயரிங் சாலையைப் பற்றி அதிகம் பேசும். 360-உடையது இலேசானது, கொஞ்சம் வாய்மூடி. பழகாத கை 360-இல் தொடங்குவதே முறை.

கேள்வி: லம்போர்கினியில் கல்லார்டோவுக்கும் ஹுராகானுக்கும் இடையே இப்படி ஒரு பிளவு உண்டா?

பதில்: உண்டு, ஆனால் வேறு இடத்தில். 2003-இல் 5 லிட்டர் வி10 எஞ்சினோடும் 500 குதிரைத்திறனோடும் தொடங்கிய கல்லார்டோவில் கைகியரும் கிடைத்தது, ஒற்றைக் கிளட்ச் துடுப்பும் கிடைத்தது. 2014-இல் வந்த ஹுராகானில் 5.2 லிட்டர், 610 குதிரைத்திறன்; கியர்பாக்ஸ் ஏழு கியர் இரட்டைக் கிளட்ச் ஒன்றுதான். சட்டகத்தில் அலுமினியத்தோடு கார்பன் இழையும் கலந்தது. எனவே அங்கே கோடு விழுவது கியர்பாக்ஸில்.

கேள்வி: 348, 355, 360, 430, 458, 488. இந்த எண்களுக்கு ஏதாவது ஒழுங்கு இருக்கிறதா?

பதில்: ஒழுங்கு இருப்பதுபோல் தோன்றும், அவ்வளவே. 348 என்றால் 3.4 லிட்டர், 8 சிலிண்டர். 355 என்றால் 3.5 லிட்டர், 5 வால்வு. 360 என்றால் 3.6 லிட்டர். 430 என்றால் 4.3 லிட்டர். 458 மீண்டும் 4.5 லிட்டர், 8 சிலிண்டர். 488-இல் அந்த எண் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு. பெயர் வைப்பவர் மாறும்போதெல்லாம் கணக்கும் மாறியிருக்கிறது போலும்.

கேள்வி: இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் எது? வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: ஓட்டுவதற்கு என்றால் 360 மொடெனா, கைகியரோடு. ஆண்டில் சில காலைப்பொழுதுகளில் மட்டும் எடுத்து, மீதி நேரம் பார்த்துக்கொண்டிருப்பதற்கு என்றால் எஃப்355. இரண்டையும் ஒன்றே செய்ய வேண்டும் என்றால், மறுபடியும் 360-தான். பெல்ட் மாற்றும் ஒவ்வொரு முறையும் அந்த மூடியை நினைத்து நிம்மதி கொள்வீர்கள்.

வாங்கும் முன், எஃப்355-இல் இரண்டு இடங்களைக் கட்டாயம் சோதியுங்கள். ஒன்று, சிலிண்டர்களின் புகையைத் திரட்டிச் செல்லும் வெளியேற்று மேனிஃபோல்டுகள். மெல்லிய குழாய்களால் ஆன அவை வெப்பத்தில் விரிசல் விடும். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது ‘டிக் டிக்’ என்ற ஒழுகல் ஓசை கேட்டு, சூடானபின் அது குறைந்தால் ஐயப்படுங்கள். மற்றொன்று, ஆரம்பகாலக் கார்களின் வால்வு கைடுகள், அதாவது வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழல்கள். வெண்கலத்தால் ஆனவை விரைவில் தேய்ந்தன. பிறகு உறுதியான உலோகத்துக்கு மாற்றினார்கள். எட்டு சிலிண்டர்களின் அழுத்தத்தையும் கசிவையும் அளந்து எழுதிய தாள் இல்லாமல் பேச்சைத் தொடங்காதீர்கள். 360-இல் துடுப்பு கியர்பாக்ஸ் என்றால் கிளட்ச் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதைக் கணினியை இணைத்துப் படிக்கச் சொல்லுங்கள். அலுமினியச் சட்டகம் எங்காவது அடிபட்டுச் சரிசெய்யப்பட்டிருக்கிறதா என்பதை, காரைத் தூக்கி, அடித்தட்டுகளைக் கழற்றிப் பாருங்கள். இரும்பைத் தட்டி நிமிர்த்துவதுபோல் அலுமினியத்தை நிமிர்த்த முடியாது. அதற்கென்று பயின்ற கைகள் வேண்டும். இரண்டு காரிலும் உட்புறப் பொத்தான்கள் விரலில் பிசுபிசுவென்று ஒட்டும். அவற்றின் மேல்பூச்சு காலப்போக்கில் இளகுவதால் வருவது அது. அதைக் கண்டு காரையே வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டியதில்லை.